இருநூறு மின்னஞ்சல்களுக்கு ஏன் பதில் வரவில்லை? ஐரோப்பாவில் ஊதியத்துடன் பிஎச்.டி. இடம் தேடுவது பற்றி

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஓராண்டாகிறது, சி.ஜி.பி.ஏ. 7.8, கட்டுரை எதுவும் வெளிவரவில்லை, ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய விரும்பி ஏறத்தாழ இருநூறு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியதில் இரண்டு பேர்தான் பதில் எழுதினார்கள், அவர்களும் ‘சொந்த உதவித்தொகையோடு வந்தால் வரவேற்கிறோம்’ என்று முடித்துக்கொண்டார்கள், அப்படியானால் எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி உதவித்தொகையைப் பற்றியதாக இருந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன்: மதிப்பெண் போதவில்லையா, கட்டுரை இல்லாதது குறையா, கல்லூரியின் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்களா என்பது. இவற்றில் எதுவும் முதற்காரணம் இல்லை. நீங்கள் கதவைத் தட்டிய இடங்களில் பெரும்பாலானவற்றில் அந்த நேரத்தில் காலியிடமே இருந்திருக்காது.

நான் பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆய்வுக் குழுக்களில் பணியாற்றி, புதிய ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்களில் பலமுறை அமர்ந்தவன். ஆகவே ஜெர்மனியைப் பற்றி எழுதுவதை நேரில் கண்டதாகவும், மற்ற நாடுகளைப் பற்றி எழுதுவதை விதிகளைப் படித்தும் உடன் பணியாற்றியவர்களிடம் கேட்டும் அறிந்ததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல், மருத்துவத் துறைகளின் வழக்கங்கள் சில இடங்களில் மாறும்.

முதலில் ஒரு அடிப்படை. நம் ஊரில் பிஎச்.டி. என்றால் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்வது, கைடு பார்ப்பது, பிறகு ஊக்கத்தொகைக்கு வழி தேடுவது என்ற வரிசையில்தான் யோசிப்போம். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் அறிவியல், பொறியியல் துறைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். ஒரு பேராசிரியர் ஒரு திட்டத்துக்கு நிதி பெறுகிறார். அந்த நிதியில் ஓர் ஆய்வு மாணவருக்கான மூன்று அல்லது நான்கு ஆண்டு ஊதியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வருகிறது. நீங்கள் விண்ணப்பிப்பது ஒரு வேலைக்கு. நிதி இல்லாத பேராசிரியருக்கு உங்கள் மதிப்பெண் 9.8 ஆக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ‘சொந்த உதவித்தொகையோடு வாருங்கள்’ என்பது பெரும்பாலும் நாகரிகமான மறுப்பு; சில சமயம் உண்மையான அழைப்பும்கூட. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் அழைப்பு. ஒரே வரியில் முடித்திருந்தால் மறுப்பு.

அழைப்பாக இருந்தால், ஜெர்மனியைப் பொறுத்தவரை டி.ஏ.ஏ.டி. என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் முனைவர் பட்ட உதவித்தொகை இருக்கிறது. அதற்கு வழிகாட்டியின் ஒப்புதல் கடிதமும் அவரோடு பேசி எழுதிய ஆய்வுத் திட்டமும் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. போட்டி கடுமையானது, முடிவு வரப் பல மாதங்கள் ஆகும். அதை ஒரு துணை வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பின் பெரும்பகுதி விளம்பரமான இடங்களுக்கே போகட்டும்.

விளம்பரங்கள் எங்கே வருகின்றன என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. ஐரோப்பா முழுவதற்கும் யூராக்ஸெஸ் இணையத்தளம், நெதர்லாந்துக்கு அகடமிக் டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்கே, ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி. நடத்தும் பிஎச்.டி. ஜெர்மனி. மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஃபிரான்ஹோஃபர், லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனங்கள் தத்தம் தளங்களில் வெளியிடுகின்றன. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஐ.எம்.பி.ஆர்.எஸ். என்ற ஆய்வுப் பள்ளிகள் பல, தனித்தனி விளம்பரம் இல்லாமல் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன; அவற்றின் கடைசி நாள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் விழும். இவற்றில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்துவிட்டால் தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

இதைவிடப் பயனுள்ள, நம் மாணவர்கள் அரிதாகவே செய்கிற ஒன்று, பணம் வரும் இடத்தை விளம்பரத்துக்கு முன்பே கண்டுகொள்வது. ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. புதிய ஆய்வுப் பயிற்சிக் குழுக்களையும் கூட்டு ஆய்வு மையங்களையும் அங்கீகரிக்கும்போது பட்டியலை வெளியிடுகிறது; ஒவ்வொன்றிலும் அடுத்த சில மாதங்களில் பல ஆய்வு மாணவர் இடங்கள் திறக்கும். கெப்ரிஸ் என்ற அதன் தரவுத்தளத்தில் எந்தப் பேராசிரியருக்கு எந்தத் திட்டம், எந்த ஆண்டு தொடங்கியது என்பதைத் தேடலாம். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்கநிலை நிதி ஐந்து ஆண்டுகளுக்கு 15 இலட்சம் யூரோ வரை செல்லும். அதைப் பெற்றவர்களின் பெயர்கள் வெளிவந்ததும் அவர்கள் ஆட்களைத் தேடத் தொடங்குவார்கள். டி.எஃப்.ஜி.யின் எம்மி நோத்தர் திட்டத்தில் சொந்தக் குழு தொடங்கும் இளம் ஆய்வாளர்களும் அப்படியே. புகழ்பெற்ற பேராசிரியருக்கு ஒரு வாரத்தில் வந்து குவியும் கடிதங்களில் சிறு பங்குகூட இவர்களுக்கு வருவதில்லை. இவர்கள் கடிதங்களைத் தாங்களே படிக்கிறார்கள். நேரடி மின்னஞ்சல் பயன்படும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஒரே கடிதத்தைப் பெயரை மாற்றி இருநூறு பேருக்கு அனுப்புவதைவிட, நிதி வந்த பத்துப் பேரை அடையாளம் கண்டு ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவது மேல்.

மரீ ஸ்க்வோடோவ்ஸ்கா க்யூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் முனைவர் பட்ட வலையமைப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரே பொருளில் பத்துப் பதினைந்து ஆய்வு மாணவர்களை எடுக்கும் ஏற்பாடு அது. பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வாழ்ந்தோ வேலை செய்தோ இருக்கக் கூடாது என்பது அதன் விதி. ஜெர்மனியிலேயே முதுகலை படித்து அண்மையில் முடித்தவர் ஜெர்மனியில் உள்ள இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஊரிலேயே படித்த நீங்கள் எந்த நாட்டு இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே குறிப்பிடும் மாதத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலாளி கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் அதற்குள்ளேயே அடக்கம். அதைக் கழித்துத்தான் உங்கள் ஊதியம், அதிலிருந்து பிறகு வரி.

ஊதியத்தைப் பற்றிக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஜெர்மனியில் அதற்குத் தேவையே இல்லை. விளம்பரத்திலேயே இருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும். ‘இ13, 65 விழுக்காடு, மூன்று ஆண்டுகள்’ என்று இருந்தால், அரசு ஊதியப் பட்டியலின் 13ஆம் நிலையில் முழு ஊதியத்தில் 65 விழுக்காடு என்று பொருள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த நிலையின் தொடக்க முழு ஊதியம் 2025இல் மாதம் ஏறத்தாழ 4,630 யூரோ. 65 விழுக்காடு என்றால் மூவாயிரத்துச் சொச்சம். தனியாள் ஒருவருக்கு வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 2,000 யூரோ. மியூனிக்கில் வீட்டு வாடகை இதில் பாதியை விழுங்கிவிடும். வாடகை குறைந்த கெம்னிட்ஸ் நகரில் மிச்சம் பிடிக்கலாம். வேதியியல், உயிரியலில் 50 முதல் 67 விழுக்காடு வரை சாதாரணம், பொறியியலிலும் கணினியியலிலும் பல இடங்களில் முழு ஊதியம். 65 விழுக்காடு ஊதியம் என்பதால் வாரத்தில் மூன்று நாள் ஆய்வகத்துக்குப் போனால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தாளில்தான் அப்படி.

விளம்பரத்தின் வேறு சில வரிகளையும் கவனிக்க வேண்டும். ‘நிதி ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் பணம் இன்னும் உறுதியாகவில்லை என்று அர்த்தம். விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை நம்பி வேறு வாய்ப்பைக் கைவிடக் கூடாது. ‘கட்டாயம்’ என்பதையும் ‘இருந்தால் நல்லது’ என்பதையும் பிரித்துப் படியுங்கள். இரண்டாவது வகையில் பாதி உங்களிடம் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பட்டியல் ஒரு விருப்பப் பட்டியல்தான். குறிப்பு எண் தரப்பட்டிருந்தால் மின்னஞ்சலின் தலைப்பில் அது இருக்க வேண்டும். ஒரே பி.டி.எஃப். கோப்பாகக் கேட்டால் ஒரே கோப்பாக அனுப்புங்கள். கைபேசியில் கோணலாக எடுத்த மதிப்பெண் சான்றிதழ்ப் படங்களைப் பதினொரு இணைப்புகளாக அனுப்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவற்றைத் திறக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

இனி கடிதம். உங்கள் எம்.எஸ்சி. திட்டம் ஸ்ப்ரே பைரோலிசிஸ் முறையில் துத்தநாக ஆக்சைடு மென்படலம் என்று எழுதியிருந்தீர்கள். நம் கல்லூரிகளிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ‘சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம், உங்கள் மதிப்புக்குரிய குழுவில் சேர்வது என் கனவு, எனக்கு எக்ஸ்.ஆர்.டி., எஸ்.இ.எம்., யு.வி. நிறமாலை தெரியும்’ என்று போகும். இதில் படிப்பவருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. மாறாக, ‘கண்ணாடித் தளத்தின் வெப்பநிலையை மாற்றி மாற்றிப் படலம் பூசினேன், குறைந்த வெப்பநிலையில் படலம் துணியால் துடைத்தாலே உரிந்து வந்தது, வெப்பநிலையை உயர்த்தியபோது நன்றாக ஒட்டியது, எக்ஸ்.ஆர்.டி.யில் 34.4 பாகைக்கு அருகில் உள்ள 002 உச்சி ஓங்கியது, ஆனால் ஒளி ஊடுருவல் குறைந்தது. அதன் காரணத்தை அறிய ஏ.எஃப்.எம். அளவீடு தேவைப்பட்டது, எங்கள் துறையில் அது இல்லை’ என்று நான்கு வரி எழுதினால், நீங்கள் கையால் வேலை செய்தவர், பார்த்ததைப் பற்றி யோசித்தவர், எங்கே நின்றுபோனோம் என்று அறிந்தவர் என்பது தெரிந்துவிடும். அடுத்த பத்தியில், விளம்பரத்தில் உள்ள வேலையில் எந்தப் பகுதியை உடனே செய்ய முடியும், எதைக் கற்க வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். அந்தக் குழுவின் கட்டுரை ஒன்றைப் படித்ததாக எழுதுவதென்றால் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும்; நேர்காணலில் அதிலிருந்துதான் முதல் கேள்வி வரும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்காமல் பேராசிரியர் என்ற சொல்லோடு குடும்பப் பெயரை எழுதுங்கள். பெண் பேராசிரியர்களுக்கு ‘சார்’ என்று வரும் கடிதங்கள் இன்றும் குறையவில்லை.

மதிப்பெண்ணைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் 1 சிறந்தது, 4 தேர்ச்சி. பரவலாகப் பயன்படும் பவேரியச் சூத்திரப்படி, உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10க்கு 7.8, தேர்ச்சி 5 என்றால் விடை 2.32. பல பீடங்கள் (ஃபேக்கல்ட்டிகள்) 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பை எதிர்பார்க்கும் என்பதால் நீங்கள் வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள், ஆனால் முன்வரிசையில் இல்லை. சில பீடங்கள் 2.0 கேட்கலாம்; அதை அந்தந்தப் பீடத்தின் விதியைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பேராசிரியர் உங்களை வேலைக்கு எடுப்பது வேறு, பீடம் உங்களை முனைவர் பட்ட மாணவராக ஏற்பது வேறு. பட்டத்தின் சமநிலையைப் பீடம் தனியாகச் சோதிக்கும், சில சமயம் கூடுதல் தேர்வுகளை விதிக்கும். முதுகலைப் பட்டம் இல்லாமல் பி.இ. மட்டும் முடித்தவருக்கு ஜெர்மனியில் விதிவிலக்காகத்தான் வழி உண்டு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கட்டுரை இல்லாதது குறையே இல்லை. முதுகலை மாணவரிடம் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை; இருந்தால் கூடுதல் நன்மை, அவ்வளவுதான். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களில் நான்கு கட்டுரை போட்டு அவற்றை சி.வி.யின் முதல் பக்கத்தில் வைப்பதுதான் தீங்கு. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்த இதழ்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். அது உங்கள் மீது மட்டுமல்ல, உங்களைப் பரிந்துரைப்பவர் மீதும் ஐயத்தை எழுப்பும். கட்டுரைக்குப் பதிலாக எம்.எஸ்சி. ஆய்வேட்டை ஒழுங்கான பி.டி.எஃப். ஆக்கி, தொடக்கத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் மாணவர்கள் அதிகம் இழக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனால் அப்படி வரும் கடிதம் மாணவரின் கடிதத்தைப் போலவே ஒலிக்கும். ஒரே மாதிரியான சொற்களைப் பார்த்ததும் குழுவுக்குப் புரிந்துவிடும். பல விண்ணப்பத் தளங்கள் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். கல்லூரி முகவரி கேட்கும் இடத்தில் ஜிமெயில் முகவரி கொடுத்தால் சில தளங்கள் ஏற்பதில்லை. ஆசிரியரிடம் முன்கூட்டியே போய், கல்லூரி முகவரி இயங்குகிறதா என்று கேட்டு, அவர் ஆய்வகத்தில் நீங்கள் செய்த இரண்டு மூன்று குறிப்பான வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கடைசி நாளையும் நினைவூட்டுங்கள். பெரிய பதவியில் இருக்கும், உங்கள் முகமே தெரியாத துறைத் தலைவரைவிட, ஓராண்டு பக்கத்தில் நின்று பார்த்த திட்ட வழிகாட்டியின் அரைப் பக்கம் மதிப்புள்ளது.

நேர்காணல் பொதுவாக இணைய வழியில், அரை மணி முதல் ஒரு மணி நேரம். பத்துப் பதினைந்து நிமிடம் உங்கள் ஆய்வைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு அடிப்படையிலிருந்து கேள்விகள். உங்கள் திட்டத்துக்கு நான் கேட்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஷெரர் சூத்திரத்தால் படிக அளவைக் கணக்கிட்டிருப்பீர்கள். உச்சியின் அகலத்தில் கருவியால் வரும் பங்கைக் கழித்தீர்களா, படலத்தின் திரிபும் (ஸ்ட்ரெயின்) அகலத்தைக் கூட்டுமே, அதை எப்படிப் பிரித்தீர்கள்? டாக் வரைபடத்தில் பட்டை இடைவெளியைக் கண்டிருப்பீர்கள். உட்கவர்ச்சியை இரண்டால் அடுக்கியது ஏன், அரையால் அடுக்கியிருந்தால் என்ன பொருள்? ‘ஆரிஜின் மென்பொருள் தந்த மதிப்பு’ என்று சொன்னவர்கள் அந்த இடத்திலேயே பின்தங்கிவிட்டார்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று உரக்க யோசியுங்கள். அதைப் பார்க்கத்தான் கேள்வியே. ஆங்கிலத் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: பணி ஒப்பந்த இடங்கள் பலவற்றில் நேர்காணலே போதும், அமைப்பு ரீதியான ஆய்வுப் பள்ளிகள் சில ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் கேட்கும். விளம்பரம் கேட்டால் எழுதுங்கள். கேட்குமோ என்று முன்கூட்டியே செலவழிக்க வேண்டாம்.

பிரிட்டனையும் அமெரிக்காவையும் இதே கண்ணால் பார்க்கக் கூடாது. பிரிட்டனில் ‘நிதியுண்டு’ என்று விளம்பரத்தில் இருந்தாலும், உள்நாட்டு மாணவரின் கட்டணத்துக்கு மட்டும் நிதி இருக்கலாம். வெளிநாட்டவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் ஏற்பது என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பேராசிரியர் தனியாக எடுப்பதைவிடத் துறை மொத்தமாகச் சேர்ப்பதே வழக்கம். பெரும்பாலான கடைசி நாட்கள் டிசம்பரை ஒட்டி வரும், விண்ணப்பக் கட்டணமும் உண்டு, ஆனால் சேர்ந்துவிட்டால் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி வழியாகக் கட்டணமும் ஊக்கத்தொகையும் பொதுவாகக் கிடைக்கும். ஜெர்மனியில் பணி ஒப்பந்த இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ‘சீட்டு உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்கும் முகவரையும், நேர்காணலே இல்லாமல் வரும் நியமனக் கடிதத்தையும் கண்டால் பதில் எழுத வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தை வெறுமனே கழிக்காமல், நெட் அல்லது கேட் எழுதிவிட்டு, நல்ல கருவிகள் உள்ள ஒரு நிறுவனத்தில் திட்டப் பணியாளராகச் சேர முடியுமா பாருங்கள். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். ஊக்கத்தொகை 2023 தொடக்கம் முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஊரிலேயே நல்ல குழு அமைந்தால் அதுவே போதும் என்று முடிவு செய்தவர்கள் பலர், அவர்கள் எடுத்த முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அப்படியொரு நிறுவனத்தில் ஓராண்டு வேலை செய்தால் கூடுதலாக ஒரு பரிந்துரையாளரும், கடிதத்தில் எழுதக் கூடுதலாகச் சில வரிகளும் கிடைக்கும். படிப்பு முடித்து ஓராண்டு இடைவெளி விழுந்ததை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் வந்ததும் உடனே சம்மதம் எழுதிவிடாமல், அந்தக் குழுவில் இப்போது படிக்கும் ஒருவரோடும், முடித்துவிட்டு வெளியே போன ஒருவரோடும் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல பேராசிரியர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்தும் ஆய்வேடு முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று அவர்களிடம் கேளுங்கள், ஏனென்றால் ஜெர்மனியில் பலருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உங்களுக்குத் தருவது பணி ஒப்பந்தமா, உதவித்தொகையா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒப்பந்தம் என்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் வேலையிழப்புக் காப்பீடும் அதிலேயே அடக்கம், உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீட்டுக்கு நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், மற்ற இரண்டும் கிடையாது.